தீர்ப்பு வராத நாலு லட்சம் பேர்: சிறை, ஜாமீன், பரோல் பற்றி வாசகர் கேள்விகள்

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள் என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்தப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகவே இந்த முறை சினிமா, அரசியல் எதுவும் கிடையாது. கீழே வரும் இந்திய எண்கள், வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ம் ஆண்டுக்கு வெளியிட்ட சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் உள்ளவை.

முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. புள்ளியியல் படிக்கிறேன். இந்த எண்களை எப்படிப் படிப்பது?
*மாணவி, திருச்சி*

நம்பித்தான் ஆக வேண்டும். 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் 1,330 சிறைகளில் இருந்தவர்கள் மொத்தம் 5,73,220 பேர். அதில் தண்டனைக் கைதிகள் 1,33,415 பேர்தான். விசாரணைக் கைதிகள் 4,34,302. மிச்சம் உள்ள கொஞ்சம் பேரில் பெரும்பாலோர் தடுப்புக் காவலில், அதாவது வழக்கு விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கப்பட்டிருப்பவர்கள். கணக்குப் போட்டால் விசாரணைக் கைதிகளின் பங்கு 75.8 சதவீதம்.

இதற்கு முந்தைய ஆண்டு அது 77.1 சதவீதம். உடனே "விசாரணைக் கைதிகள் குறைந்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். 2021-ல் அவர்கள் 4,27,165 பேர், 2022-ல் 4,34,302 பேர், அதாவது ஏழாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். தண்டனைக் கைதிகள் அதைவிட வேகமாகக் கூடியதால் சதவீதம் மட்டும் இறங்கியிருக்கிறது. சதவீதத்தைப் பார்க்கும்போது பக்கத்திலேயே ஆள் கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உங்கள் பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

அப்புறம், இது ஒரே ஒரு நாளின் கணக்கு. டிசம்பர் 31 அன்று உள்ளே யார் இருந்தார்கள் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஆனால் 2021-ஐ எடுத்துக்கொண்டால் அந்த ஆண்டு முழுவதும் சிறை வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். கடைசி ஸ்டாப்பில் நின்று பஸ்ஸில் எத்தனை பேர் என்று எண்ணினால் நடுவில் ஏறி இறங்கியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் இல்லையா, அதுபோலத்தான். பத்து நாள், இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு வேலையைத் தொலைத்து வெளியே வந்த லட்சக்கணக்கான பேர் அந்த ஐந்தே முக்கால் லட்சத்தில் இல்லை.

கொள்ளளவு விஷயத்திலும் கவனம் வேண்டும். நாடு முழுவதற்கும் 131.4 சதவீதம் என்கிறார்கள், அதாவது 100 பேர் தங்கும் இடத்தில் 131 பேர். ஆனால் இது சராசரி. டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் சிறைகளில் இது 180-ஐ ஒட்டி இருக்கிறது, தமிழ்நாட்டிலோ மொத்தமாகப் பார்த்தால் இடம் மிச்சம் இருக்கிறது. அந்த 131-க்குள் டெல்லியின் நெரிசலும் தெரியாது, தமிழ்நாட்டின் காலி இடமும் தெரியாது. நீங்கள் ஆய்வுக்கு ஒரே ஒரு அட்டவணையைத்தான் எடுக்கலாம் என்றால் எத்தனை பேர் என்ற அட்டவணையை விட்டுவிட்டு எத்தனை காலமாக என்ற அட்டவணையை எடுங்கள். தீர்ப்பே வராமல் 5 ஆண்டுக்கு மேல் உள்ளே இருப்பவர்கள் மட்டும் 11 ஆயிரத்துக்கும் அதிகம். ஐந்து ஆண்டு! இதில் விடுதலையாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஐயா, என் மகனுக்கு 22 வயது. பைக் திருடியதாக வழக்கு. 14 மாதமாக உள்ளே இருக்கிறான். ஜாமீன் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ரத்த சம்பந்தமுள்ள இருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவன் அப்பா இல்லை. சொந்தக்காரர்கள் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள். வக்கீல் போனை எடுப்பதில்லை. நான் என்ன செய்ய?
*பெயர் வேண்டாம் என்று கேட்ட தாய், விழுப்புரம் மாவட்டம்*

அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் இந்த இதழில் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன.

முதலில் வக்கீல் விஷயம். அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், அவருடைய வருமானம் என்னவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. இது யாரும் போடும் பிச்சை இல்லை, உங்கள் மகனின் உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். நேரில் போய் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். வழக்கு எண், ஜாமீன் உத்தரவு வந்த தேதி, சிறையின் பெயர், கைதி எண் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த தடவை சிறையில் பார்க்கப் போகும்போது மகனையும் சிறைக்குள்ளேயே உள்ள சட்ட உதவி மையத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டம் அமலில் இருக்கிறது. அதன் 479-வது பிரிவு, இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாத ஒருவர், தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், அவரைச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. மூன்றில் ஒரு பங்கு ஓர் ஆண்டு. உங்கள் மகன் 14 மாதமாக இருக்கிறான். சொந்தப் பிணை என்றால் அவனே எழுதிக் கொடுக்கும் பத்திரம், வெளியாள் கையெழுத்தே தேவையில்லை. இந்த நிலைக்கு வந்த கைதிக்காகச் சிறைக் கண்காணிப்பாளரே உடனே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் வேறு வழக்கு ஏதாவது அவன் மேல் நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. வீடு புகுந்து திருடியதாகப் போட்டிருந்தால் அதிகபட்சத் தண்டனையே கூடிவிடும், கணக்கும் மாறிவிடும். அதனால் குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள்.

479 பொருந்தாவிட்டாலும் வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. "ரத்த சம்பந்தமுள்ளவர்" என்ற நிபந்தனையை மாற்றக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 2023 முதல் இருக்கிறது. தொடங்கியபோது வைத்த வரம்புப்படி ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரை அதிலிருந்து கொடுக்கலாம். இந்தத் திட்டம் இருப்பதே பல பேருக்குத் தெரியவில்லை.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நீதிமன்றத் தாழ்வாரத்தில் காலை பத்து மணிக்குப் போய் நின்று பார்த்தால் இது புரியும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணனோ மாமனோ உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் "இந்தச் சான்று போதாது, நாளைக்கு வா" என்று திரும்பி வருவார்கள். அன்றைய கூலியும் போயிருக்கும். 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. மத்தியப் பிரதேசத்தில் கீழ்நீதிமன்றம் அவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. கூடப் பிறந்தவர் ஜாமீன் கொடுக்க வந்தார், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டு ஆகிவிட்டது, இன்றைக்கும் ஜாமீன் கிடைத்த பிறகு உள்ளே இருப்பவர்கள் இருக்கிறார்கள். இதை எப்படி ஒரு நாடு பொறுத்துக்கொள்கிறது என்று தெரியவில்லை.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானே?
*ஆட்டோ ஓட்டுநர், ஈரோடு*

இல்லை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் கோபால் கோட்சே வழக்கில் சொல்லிவிட்டது. 14 என்ற எண் வேறு இடத்திலிருந்து வருகிறது. கொலை போன்ற குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றவரை அரசு தண்டனைக் குறைப்புச் செய்து விடுவதானாலும், அவர் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று 1978-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். அதாவது 14-க்கு முன்னால் விடக் கூடாது என்பதுதான் சட்டம். 14 முடிந்ததும் விட்டே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. தமிழ்நாட்டில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி விடுதலையாகும் செய்திகளைப் படித்துப் படித்து நமக்கு இந்த எண் மனசில் பதிந்துவிட்டது. அந்த அரசாணைகளிலும் எந்தெந்தக் குற்றத்துக்குச் சலுகை கிடையாது என்று ஒரு நீளமான பட்டியல் இருக்கும்.

பரோல் என்றால் பெரிய ஆட்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஜாலி லீவு என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். சாதாரண ஆளுக்குக் கிடைக்குமா?
*மளிகைக் கடைக்காரர், மதுரை*

கிடைக்கும், ஆனால் சுலபமாக இல்லை. நாம் பரோல் என்று சொல்வது தமிழ்நாட்டுச் சட்டப்படி விடுப்பு. 1982-ம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. அவசரகால விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் இறந்துபோனாலோ சாகக் கிடந்தாலோ, மகன், மகள், கூடப் பிறந்தவர்களுக்குக் கல்யாணம் என்றாலோ அவசரகால விடுப்பு. சாதாரண விடுப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டு உள்ளே கழித்திருக்க வேண்டும், அதன் பிறகு வீட்டைப் பழுதுபார்க்க, பிள்ளைக்குப் படிப்பு ஏற்பாடு செய்ய என்று காரணம் சொல்லிக் கேட்கலாம்.

கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய், குடும்பம் இவரை ஏற்றுக்கொள்ளுமா, பாதிக்கப்பட்டவர்களின் வீடு பக்கத்தில் இருக்கிறதா, தகராறு வருமா என்றெல்லாம் விசாரித்து அறிக்கை கொடுப்பார். போலீஸ் தன் பங்குக்கு ஒன்று கொடுக்கும். இரண்டில் ஒன்று எதிராக இருந்தாலும் மனு பெரும்பாலும் நிராகரிக்கப்படும், அப்புறம் உயர் நீதிமன்றம்தான் கதி. ராஜீவ் கொலை வழக்கு நளினி 2019-ல் மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக விடுப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே வந்து வாதாடித்தான் ஒரு மாத விடுப்பு பெற்றார். நாடே அறிந்த ஒருவருக்கே இந்தப் பாடு என்றால், ஊரில் யாருக்கும் பெயர் தெரியாத ஆயுள் கைதி அம்மாவின் சாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் காடாற்றி முடிந்திருக்கும். பல பேருக்கு வழிக்காவலோடுதான் விடுப்பு. சொந்த வீட்டுத் திண்ணையில் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்க, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று, பரோலில் வெளியே இருந்த நாட்கள் முன்விடுதலைக்கான 14 ஆண்டுக் கணக்கில் சேராது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் "ஜாலி லீவு" எடுத்தவர் அந்த நாட்களைப் பின்னால் உள்ளே இருந்துதான் கழிக்க வேண்டும். பரோலில் போய்த் தலைமறைவானவர் செய்தியாகிறார். சொன்ன தேதியில் சாயங்காலம் பையோடு சிறை வாசலில் வந்து நிற்பவர் செய்தியாவதில்லை, நம் அபிப்பிராயம் அதனால்தான் இப்படி ஒருபக்கமாகிவிட்டது.

கைதிகள் ஓட்டுப் போடலாமா?
*புதுச்சேரி வாசகர்*

முடியாது, விசாரணைக் கைதியும்கூட. தடுப்புக் காவலில் இருப்பவர் மட்டும் தபால் ஓட்டுப் போடலாம். ஆனால் விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம்! நிற்க உரிமை உள்ளவருக்குப் போட உரிமை இல்லை. குற்றம் நிரூபிக்கப்படாத நாலு லட்சம் பேரின் ஓட்டைப் பறிப்பது நியாயமே இல்லை என்பது என் கட்சி.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே பரோல், புரொபேஷன் என்று லட்சக்கணக்கான பேர் வெளியே இருக்கிறார்கள் என்கிறான். அது நம்ம ஊர்ப் பரோல்தானா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை*

இல்லை சார். நம்ம ஊர்ப் பரோல் போய்விட்டுத் திரும்பி வரும் விடுப்பு. அங்கே பரோல் என்பது தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே வெளியே விட்டு, மிச்சக் காலத்தை ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் கழிக்க வைப்பது. புரொபேஷன் என்பது சிறைக்கு அனுப்பாமலே, அல்லது கொஞ்ச காலம் மட்டும் அனுப்பிவிட்டு, கண்காணிப்பில் வைப்பது. நீதித்துறைப் புள்ளிவிவர அலுவலகம் என்று அங்கே ஒன்று இருக்கிறது, அது இதற்கென்றே ஆண்டுதோறும் தனி அறிக்கை போடுகிறது. 2021 முடிவில் சுமார் 37 லட்சம் பேர் இப்படிக் கண்காணிப்பில் இருந்தார்கள். அதில் 30 லட்சத்தை ஒட்டி புரொபேஷன், 8 லட்சத்தை ஒட்டி பரோல். இரண்டிலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர் உண்டு, அதனால் கூட்டினால் சரியாக வராது. சிறையில் இருந்தவர்கள் அப்போது சுமார் 12 லட்சம். விசாரணைக்காகவும் குறுகிய தண்டனைக்காகவும் உள்ளூர் ஜெயில்களில் இருந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேரமாட்டார்கள், அங்கே அது தனிக் கணக்கு. நம் நாட்டு எண்ணோடு ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். நம் அறிக்கையில் மத்தியச் சிறையும் கிளைச்சிறையும் ஒன்றாகத்தான் எண்ணப்படுகின்றன.

இரண்டையும் சேர்த்து எடுத்தால் அங்கே ஒரு லட்சம் மக்களுக்கு 500 பேருக்கு மேல் உள்ளே. இங்கே 41 பேர் போல. இதை வைத்து நாம் இரக்கமுள்ளவர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். நம் ஊரில் பல வழக்குகள் பதிவாவதே இல்லை, பதிவானது முடிவதும் இல்லை.

புரொபேஷன் தொடங்கிய கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. 1841-ல் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். குடித்ததற்காக ஓர் ஆளைச் சிறைக்கு அனுப்பப்போகும் நேரம். அகஸ்டஸ் அந்த ஆளிடம் பேசிப் பார்த்தார், இனிக் குடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னார், உடனே இவர் தன் கைக்காசில் ஜாமீன் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அதே ஆளை நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்தார். ஆளே மாறியிருந்ததைப் பார்த்த நீதிபதி பெயருக்கு ஓர் அபராதம் போட்டு அனுப்பிவிட்டார். அதன் பிறகு சாகும்வரை அகஸ்டஸ் ஏறக்குறைய 2,000 பேரை இப்படி மீட்டார், அதில் பாதிக் காலம் கடனில்தான் ஓடியிருக்கும். அவர் இறந்து இருபது ஆண்டுக்குள், 1878-ல், மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. இன்றைக்கு அங்கே இதன் இன்னொரு முகமும் தெரிகிறது. அலுவலரைப் பார்க்கும் தேதியைத் தவறவிட்டது, கட்டணம் கட்டாதது போன்ற சில்லறைத் தவறுகளுக்காகத் திரும்பவும் உள்ளே போகிறவர்கள் ஏராளம். கண்காணிப்பில் எத்தனை பேர் என்பதோடு, எத்தனை பேர் அதை நல்லபடியாக முடித்து வெளியேறினார்கள் என்பதையும் உங்கள் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் (புரொபேஷன்) சட்டம் இருக்கிறது. நீதிமன்றங்கள் அதை ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை?
*சட்டக் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம் உண்டு. அதுவும் இது நமக்குப் புதிதல்ல, சென்னை மாகாணம் 1936-லேயே தனக்கென்று நன்னடத்தைச் சட்டம் போட்டுவிட்டது, மத்தியச் சட்டம் வந்ததே 22 ஆண்டு கழித்துத்தான். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் தவிர மற்ற எதிலும் ஒருவரை மூன்று ஆண்டு வரை நன்னடத்தைப் பிணையில் விடலாம். 21 வயதுக்குக் கீழே என்றால், சிறைக்கு அனுப்புவதானால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 12-வது பிரிவு இன்னும் முக்கியம். இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்புக் கிடையாது.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? தற்காப்பு வக்கீல் விடுதலைக்காக மட்டுமே வாதாடுகிறார், குற்றம் நிரூபணமானால் என்ன கேட்பது என்று தயாராக வருவதில்லை. "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்று நீதிபதி கேட்கும் அந்த ஐந்து நிமிடத்தில் "கருணை காட்டுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. நன்னடத்தை அலுவலர் அறிக்கை கேட்டால் வழக்கு இன்னும் தள்ளிப்போகும் என்று நீதிமன்றம் தயங்குகிறது. தமிழ்நாட்டில் இந்த அலுவலர்கள் சிறைத் துறையின் கீழேயே இருக்கிறார்கள், விடுப்பு விசாரணை, முன்விடுதலை அறிக்கை எல்லாம் அவர்கள் தலையில்தான். அதோடு, நன்னடத்தைப் பிணையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒழுங்காக முடித்தார்கள் என்று அமெரிக்காவில் போல முழுமையான ஆண்டறிக்கை இங்கே கிடையாது. பலன் தெரிந்தால்தானே அடுத்த நீதிபதிக்குத் தைரியம் வரும்? நீங்கள் வக்கீலாகும்போது வாதத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சட்டத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் பகுதியில் குண்டாஸ் போடுவது சர்வசாதாரணமாகிவிட்டது. வேறு மாநிலங்களிலும் இப்படித்தானா?
*தூத்துக்குடி வாசகர்*

இல்லை. நாடு முழுவதும் தடுப்புக் காவலில் இருந்தவர்கள் 4,324 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதி தமிழ்நாட்டுக்காரர்கள். குண்டாஸ் என்று நாம் சொல்லும் 1982-ம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு விசாரணையே இல்லாமல் ஓர் ஆண்டு வரை உள்ளே வைக்கலாம், அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடவும் வழியில்லை. ஆட்கொணர்வு மனுப் போட்டால் உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்கிறது, ஆனால் அதற்குள் பல மாதம் ஓடிவிடும். சிறையில் இடம் இருக்கிறது என்று மேலே பெருமையாகச் சொன்ன அதே மாநிலம் இது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெண் கைதிகள் எத்தனை பேர்? குழந்தைகளும் உள்ளே இருக்கிறார்களாமே?
*இல்லத்தரசி, தஞ்சாவூர்*

பெண்கள் 23,772 பேர். அவர்களில் 1,537 பேர் தங்கள் குழந்தைகளோடு இருந்தார்கள், குழந்தைகள் 1,764. ஆறு வயதுவரை அம்மாவோடு இருக்கலாம், அந்தக் குழந்தைகளைக் கைதியைப் போல நடத்தக் கூடாது, பால்வாடி, சத்துணவு எல்லாம் வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு வயது முடிந்த அன்று அந்தக் குழந்தை எங்கே போகிறது என்பதற்குத்தான் நல்ல ஏற்பாடு வேண்டும்.

சிறையிலும் சாதி உண்டா?
*பாளையங்கோட்டை வாசகர்*

உங்கள் ஊர்க்காரர் கேட்கும் கேள்வியா இது! பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைப்பது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே போனது. மோதல் வராமல் இருக்கத்தான் என்று அதிகாரிகள் சொன்னதை நீதிமன்றமும் அப்போது ஏற்றுக்கொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒழுங்கு காக்க வேறு வழி பாருங்கள், பிரித்து வைப்பது வழியல்ல என்று சொன்னதோடு, சில மாநிலக் கையேடுகளில் சமையல் ஒரு சாதிக்கு, கக்கூஸ் கழுவுவது இன்னொரு சாதிக்கு என்று எழுதிவைத்திருந்ததையும் ரத்து செய்தது. கைதிப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை எடுக்கச் சொன்னது.

ஆனால் புள்ளிவிவர அறிக்கையில் சாதிக் கணக்கு இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். உள்ளே இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்பதே அந்தக் கணக்கால்தான் நமக்குத் தெரிகிறது. அறை ஒதுக்கும் பதிவேட்டில் சாதி வேண்டாம், ஆண்டறிக்கையில் வேண்டும்.

சிறைக்குப் போனவன் திருந்துகிறானா? இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?
*வங்கி ஊழியர், சேலம்*

அமெரிக்காவில் 24 மாநிலங்களில் 2008-ல் விடுதலையானவர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 82 சதவீதம் பேர் அதற்குள் ஒரு தடவையாவது மறுபடி கைதானார்கள். அந்த 82-ஐ நம் அறிக்கையில் உள்ள பழங்குற்றவாளிகளின் சின்னச் சதவீதத்தோடு பலர் ஒப்பிடுகிறார்கள். இங்கே விடுதலையானவரை அப்படி யாரும் பின்தொடர்ந்து எண்ணுவதில்லை, அங்கே எண்ணுவது கைதை, தண்டனையை அல்ல. ஆகவே ஒப்பீடு நிற்காது.

திருத்துவதற்கு உள்ளே ஆள் வேண்டுமே சார்? நாடு முழுவதும் சிறைப் பணியிடங்களில் சுமார் 30 சதவீதம் காலி. இருப்பவர்களில் பெரும்பாலோர் காவலர்கள், மனநல ஆலோசகரைத் தேட வேண்டியிருக்கிறது. 2022-ல் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர், அதில் 119 தற்கொலை. மாறாக, சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பில் ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நீண்ட காலம் ஒழுங்காக இருந்த கைதிகள் அங்கே நிலத்தில் விவசாயம் செய்கிறார்கள். கோவை சிங்காநல்லூரிலும் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வெளியேறியவர்களையாவது ஐந்து ஆண்டு தொடர்ந்து எண்ணிப் பார்த்தால் உங்கள் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் கிடைத்துவிடும், அரசு செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை இது.

எங்கள் ஊர்க் கிளைச்சிறையில் எத்தனை பேர் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*திண்டுக்கல் வாசகர்*

தேசிய அறிக்கை மாநில அளவோடு நின்றுவிடும். உங்கள் ஊர்க் கணக்கு வேண்டுமென்றால் சிறைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்தான். பெயர் எதுவும் கேட்காதீர்கள், கேட்டால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். கொள்ளளவு எத்தனை, ஒரு குறிப்பிட்ட தேதியில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் வெளியே போகாதவர்கள் எத்தனை பேர், 479-வது பிரிவில் சிறை நிர்வாகம் கடந்த ஆண்டு நீதிமன்றத்துக்கு எழுதிய மனுக்கள் எத்தனை, அதில் எத்தனை பேர் விடப்பட்டார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலின் நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள், எனக்கும் ஒன்று அனுப்பினால் இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன்.